வீடு பள்ளிக்கூடமாகுமா?



கண்டியை அடுத்த ஒரு முஸ்லிம் பாடசாலையில் இஸ்லாமும் அரபு மொழியும் கற்பிக்கும் மௌலவி ஆசிரியன் நான். பாடசாலை கலையும் நேரத்தில் கேற்றடியில் தாய்மார் சிலர் எனக்காகக் காத்து நிற்பதுண்டு. பிள்ளைக்கு ஓதிப் பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தால், அது அல்ல. பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “ஹஸரத், புள்ளய எங்க சேக்கிற?”

நகரத்துப் பெரிய பாடசாலையில் சேர்த்தால் படிப்பு நன்றாக இருக்கும், ஆனால் தீன் போய்விடுமோ என்ற பயம். சர்வதேசப் பாடசாலைக்கு அனுப்பினால் ஆங்கிலம் வரும், தாய்மொழியும் ஓதலும் குறைந்துவிடுமோ என்ற கவலை. ஹிப்ழு மத்ரஸாவுக்கு அனுப்பினால் குர்ஆன் நெஞ்சில் ஏறும், கணக்கும் விஞ்ஞானமும் பின்தங்குமோ என்ற யோசனை. அண்மைக் காலமாக இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது. “ஒரு எடத்துக்கும் அனுப்பாம நாங்களே ஊட்டுல வெச்சிப் படிச்சிக் குடுத்தா என்ன?”

பல வருடங்களாக இந்தக் கேள்விகளுக்கு நான் நின்ற நிலையிலேயே விடை சொல்லி அனுப்பினேன். அதே கேள்வி என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த பிறகுதான், மற்றவர் பிள்ளைகள் விடயத்தில் எவ்வளவு இலேசாகப் பேசியிருக்கிறேன் என்பது எனக்கு விளங்கியது. அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள நினைக்கிறேன்.

அது 2018 ஆம் ஆண்டு. என் மூத்த மகள் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதினாள். ஒக்டோபரில் பெறுபேறு வந்தது. அல்ஹம்துலில்லாஹ், வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்திருந்தாள். கண்டி நகரத்தின் பெரிய மகளிர் பாடசாலையொன்றில் ஆறாம் வகுப்புக்கு இடம் கிடைத்தது. தமிழ்மொழிப் பிரிவும் உள்ள பாடசாலை. ஒரு காலத்தில் கிறிஸ்தவ மிஷனரிமார் தொடங்கியது. பல சமயத்துப் பிள்ளைகளும் படிக்கும் இடம்.

ஊரார் வாழ்த்தினார்கள். என் மனதில் மட்டும் மகிழ்ச்சி தங்கவில்லை. காரணம், அது வேறு எந்த ஆண்டும் அல்ல. அதே ஆண்டு மார்ச் மாதத்தில்தான் திகனையிலும் தெல்தெனியவிலும் அக்குறணைப் பக்கத்திலும் நமது கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. எங்கள் வீடு கட்டுகஸ்தோட்டையிலிருந்து அக்குறணைக்குப் போகும் வழியில் இருக்கிறது. இரண்டு இரவுகள் விளக்கை அணைத்துவிட்டுப் பிள்ளைகளை நடு அறையில் படுக்கவைத்து விழித்திருந்தோம். அந்த இருட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்த பிள்ளையை, ஏழு மாதம் கழித்து நகரத்துக்கு, முன்பின் தெரியாத பிள்ளைகளோடு உட்கார அனுப்புவதா?

ஊர்ப் பாடசாலையிலேயே விடலாம் என்றால், அங்கே மேல் வகுப்புகளுக்குக் கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் நிரந்தர ஆசிரியர் இல்லாமல் இருந்தது. பெண்கள் அரபுக் கல்லூரியில் சேர்த்து விடுதியில் விடலாம் என்றால், பத்து வயதுப் பிள்ளையைப் பிரிய அவளுடைய உம்மாவுக்கு மனமில்லை. நான்காவது வழி ஒன்று என் கண்ணுக்கு எதிரிலேயே இருந்தது. அது எங்கள் அயல் வீடு.

அந்த வீட்டில் இருப்பவர்கள் தமிழ் பேசும் கிறிஸ்தவக் குடும்பத்தினர். கணவர் கண்டியில் ஒரு காரியாலயத்தில் வேலை செய்கிறார். மனைவி முன்பு பாலர் பாடசாலையில் படிப்பித்தவர். மூன்று பிள்ளைகள். மூவரையும் பாடசாலைக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பித்து, இலண்டன் பரீட்சைகளுக்குத் தயார்படுத்தி வந்தார்கள். தமது வேதமும் ஒழுக்கமும் பிள்ளைகளிடம் நிலைக்க வேண்டும், டியூஷனுக்கும் போட்டிக்கும் நடுவில் அவை கரைந்துவிடக் கூடாது என்பதே அவர்களுடைய நோக்கம். என் மனைவிக்கும் அந்தச் சகோதரிக்கும் வேலிக்கு மேலால் கறிவேப்பிலையும் கதையும் கைமாறும் பழக்கம் இருந்தது.

ஒரு மாலை நான் அவர்களிடம் போய் விசாரித்தேன். ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு அந்தத் தாய் எழும்புகிறார். எட்டு மணிக்கு மேசையில் பாடம் ஆரம்பம். பகல் ஒரு மணிவரை தொலைபேசி எடுப்பதில்லை, விருந்தாளி வந்தாலும் பிள்ளைகள் எழும்புவதில்லை. தகப்பன் மாலை நேரத்து மேலதிக வேலையை விட்டுவிட்டார். வருமானம் குறைந்தாலும் கணிதப் பாடம் அவருடைய பொறுப்பு. பரீட்சைக் கட்டணத்துக்கு மாதாமாதம் சீட்டுக் கட்டுகிறார்கள். பிள்ளைகளின் பாட்டி இன்றுவரை இதை ஏற்றுக்கொள்ளவில்லையாம். பிள்ளைகளுக்குக் கூட்டாளிகள் குறைவு என்பதையும் அவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

புறப்படும்போது அந்தச் சகோதரர் ஒன்று சொன்னார். “மௌலவி, ஸ்கூலுக்கு அனுப்பாம இருக்கிறதுதான் வீட்டுக் கல்வி எண்டு நிறையப் பேர் நினைக்கிறாங்க. அப்பிடியில்லை. நாங்க ரெண்டு பேரும் ஸ்கூலா மாற வேணும். அதுதான் கஷ்டம்.”

அந்த வார்த்தையின் பாரம் அப்போது எனக்கு விளங்கவில்லை. வீடு திரும்பும்போதே முடிவெடுத்துவிட்டேன். அவர்களால் முடிந்தால், ஏழு வருடம் அரபுக் கல்லூரியில் ஓதிய என்னால் முடியாதா? மார்க்கத்தை நான் சொல்லிக்கொடுப்பேன். உயர்தரம் வரை படித்த அவளுடைய உம்மா மற்றதைப் பார்த்துக்கொள்வாள் என்று கணக்குப் போட்டேன்.

சகோதரிகளே, இந்த எண்ணம் எனக்கும் என் அயலவருக்கும் மட்டும் வந்ததல்ல. தம் நம்பிக்கையைப் பிள்ளைக்குக் கொடுக்க நினைக்கும் பெற்றோர் எங்கும் இந்தச் சந்தியில் நின்றிருக்கிறார்கள். அமெரிக்காவில் ஆமிஷ் என்னும் கிறிஸ்தவப் பிரிவினர், எட்டாம் வகுப்புக்கு மேல் தம் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்ப மாட்டோம் என்று வழக்காடினார்கள். 1972 இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. பின்னர் வீட்டில் வைத்துக் கற்பிக்கும் கிறிஸ்தவப் பெற்றோர் அங்கே பெருகினார்கள். 1993 அளவில் ஐம்பது மாநிலங்களிலும் அதற்குச் சட்ட அனுமதி கிடைத்துவிட்டது. ஜெர்மனியிலோ பாடசாலைக்குப் போவது கட்டாயம். வீட்டுக் கல்விக்குப் பொதுவாக இடமில்லை. நமது நாட்டில் ஐந்து வயது முதல் பதினான்கு வரை என்றிருந்த கட்டாயக் கல்வி வயது, 2016 இல் பதினாறு வரை உயர்த்தப்பட்டது. ஆகவே பிள்ளையை வீட்டில் சும்மா நிறுத்திவைக்க எவருக்கும் உரிமை இல்லை.

வெளிநாட்டுக் கதை கிடக்கட்டும். நமது கண்டியிலேயே நமது முன்னோர் இந்தப் பரீட்சையை எழுதியிருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே ஆங்கிலக் கல்வி கிடைத்த இடங்கள் பெரும்பாலும் மிஷனரிப் பாடசாலைகள். அங்கே போனால் பிள்ளை மதம் மாறிவிடும் என்று அஞ்சி நமது பாட்டன்மார் பிள்ளைகளை வீட்டோடு நிறுத்திக்கொண்டார்கள். ஓதற்பள்ளியில் குர்ஆன், வீட்டில் அரபுத் தமிழ்க் கிதாபுகள், பிறகு ஆண்பிள்ளைகளுக்கு வியாபாரம். அவர்கள் அஞ்சியது வீண் அச்சம் அல்ல. ஈமானைப் பாதுகாத்தார்கள்; அவர்களுடைய கபுறுகளை அல்லாஹ் ஒளியாக்குவானாக. ஆனால் அதற்கு ஒரு விலையும் இருந்தது. மற்றச் சமூகங்களில் வைத்தியர்களும் சட்டத்தரணிகளும் உத்தியோகத்தர்களும் உருவானபோது நாம் பின்னால் நின்றோம்.

அந்த விலையைக் கண்டு துடித்தவர் நமது நகரத்தவரான அறிஞர் எம்.ஸி. சித்திலெப்பை அவர்கள். 1838 இல் கண்டியில் பிறந்து, சட்டம் படித்து, நல்ல தொழிலில் இருந்தவர். 1882 இல் “முஸ்லிம் நேசன்” பத்திரிகையைத் தொடங்கி, கல்வி கல்வி என்று எழுதினார். எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு 1883 இல் இலங்கை வந்து, பிற்காலத்தில் கண்டியிலும் வாழ்ந்த ஒறாபி பாஷா அவர்கள் இவருக்குத் துணை நின்றார். 1884 இல் கொழும்பில் தொடங்கிய பாடசாலை சமூகத்தின் ஆதரவு போதாமல் தொய்ந்தது. அவர் மனம் தளரவில்லை. 1892 இல் மருதானையில் எழுந்த மத்ரஸாதான் இன்றைய ஸாஹிராக் கல்லூரி. கண்டியில் பெண்பிள்ளைகளுக்கும் ஒரு பாடசாலை தொடங்கி, அதில் கற்பிக்கத் தம் சொந்தச் சகோதரியையே முன்வரச் செய்தார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது என்ன? பிள்ளையை மிஷனரியிடம் அனுப்பு என்றும் அவர் சொல்லவில்லை; வீட்டில் பூட்டி வை என்றும் சொல்லவில்லை. தீனும் உலகக் கல்வியும் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும் இடத்தைக் கட்டினார். யாழ்ப்பாணத்தில் 1848 இல் சைவப் பாடசாலை தொடங்கிய ஆறுமுக நாவலரும், கண்டியில் 1887 இல் தர்மராஜக் கல்லூரியைத் தொடங்கிய பௌத்தர்களும் இதே வழியில்தான் சென்றார்கள். 1960 இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கச் சட்டம் வந்தபோது, கத்தோலிக்கப் பெற்றோர் இரவு பகலாகப் பாடசாலைக் கட்டிடங்களுக்குள் போய் இருந்துகொண்டார்கள். பிள்ளையின் பாடசாலையோடு பிள்ளையின் மார்க்கமும் போய்விடுமோ என்ற கலக்கம்தான் காரணம். இந்தக் கலக்கம் எந்த ஒரு சமூகத்துக்கும் தனிச் சொத்து அல்ல.

ஆனால் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவரவர் பாடசாலையை அவரவர் கட்டியதால் ஒவ்வொரு சமூகமும் நிமிர்ந்தது; எனினும் நம்மில் பலர் பதினெட்டு வயதுவரை மற்றச் சமூகத்தவர் ஒருவரோடும் ஒரே வாங்கில் உட்காராமலே வளர்ந்தோம். நானும் அப்படி வளர்ந்தவன்தான். மார்ச் மாதத்து அந்த இரண்டு இரவுகளில், துணைக்குத் தொலைபேசியில் அழைக்க எனக்கென்று ஒரு சிங்கள நண்பனாவது இருக்கவில்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

இதையெல்லாம் அறிந்திருந்தும் மகளை வீட்டில் வைப்பது என்ற முடிவிலிருந்து நான் இறங்கவில்லை. என்னை இறக்கியது சரித்திரம் அல்ல. என் மனைவி கேட்ட ஒரே கேள்வி.

இஷாவுக்குப் பிறகு சாப்பாடு வைத்துக்கொண்டே கேட்டாள்: “புள்ளய ஊட்டுல வெக்கிற சரி. நீங்க எப்ப ஊட்டுக்கு வார?”

எனக்குக் கோபம்தான் வந்தது. விடை வரவில்லை. அன்றிரவு படுக்கையில் கணக்குப் பார்த்தேன். காலை ஆறே முக்காலுக்கு வீட்டை விட்டுப் புறப்படுகிறேன். பாடசாலை முடிந்து பகலுணவு, சிறிது ஓய்வு. அஸருக்குப் பிறகு குர்ஆன் மத்ரஸா. மஃரிபுக்குப் பிறகு பள்ளிவாசலில் இளைஞர்களுக்கான வகுப்பு. இஷா முடிந்து ஜமாஅத்தாரோடு ஏதாவது கூட்டம். வெள்ளிக்கிழமை வெளியூரில் குத்பா. சனிக்கிழமை சாதாரண தர மாணவருக்கு மேலதிக வகுப்பு. ஞாயிறு அஹதிய்யா. பிந்தி நான் வீட்டுக்கு வரும்போது மகள் புத்தகத்தின்மேல் தலைவைத்துத் தூங்கியிருப்பாள். ஊரில் முந்நூறு பிள்ளைகளுக்கு உஸ்தாதாக இருந்தவன், பெற்ற பிள்ளையோடு ஒரு வாரத்தில் உட்கார்ந்து பேசிய நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் ஒரு மணித்தியாலமும் தேறவில்லை.

அயல் வீட்டுச் சகோதரர் சொன்ன வார்த்தை அப்போதுதான் எனக்குள் இறங்கியது. நான் செய்ய நினைத்தது வீட்டுக் கல்வி அல்ல. பிள்ளையைப் பயத்தின் காரணமாக வீட்டில் அடைத்துவிட்டு, அதன் முழுப் பாரத்தையும், ஏற்கெனவே சிறிய பிள்ளைகள் இருவரை வைத்துக்கொண்டு திண்டாடும் ஒரு தாயின் தலையில் ஏற்றிவிடுவது. அதற்கு மார்க்கத்தின் பெயரையும் சூட்டப் பார்த்தேன். அல்லாஹ் என்னை மன்னிப்பானாக.

அல்குர்ஆனில் லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்குச் செய்த உபதேசம் வருகிறதே, அதை எத்தனை முறை குத்பாவில் விளக்கியிருக்கிறேன்! இணைவைக்காதே, தொழு, பொறுமையாக இரு, பெருமையாக நடக்காதே, குரலைத் தாழ்த்து என்று ஒவ்வொன்றாகச் சொன்ன அந்தத் தகப்பன், மகனை அருகில் வைத்து, அன்போடு அழைத்து, நேரம் எடுத்துப் பேசினார். அந்த நேரத்தைத்தான் நான் கொடுக்காமல் இருந்தேன். இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்களின் தாயாரையும் நினைத்துப் பார்த்தேன். விதவை. வறுமை. ஆனாலும் மகனை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளவில்லை. காஸாவிலிருந்து மக்காவுக்குக் கொண்டுவந்து உஸ்தாதுமாரிடம் அனுப்பினார். அனுப்பியும் வளர்த்தார், அனுப்பிவிட்டோமே என்று வளர்ப்பதைக் கைவிடவில்லை.

2019 ஜனவரியில் மகளை நகரத்துப் பாடசாலையில் சேர்த்தோம். மகளுக்கு நான் நிபந்தனை எதுவும் போடவில்லை. எனக்குத்தான் போட்டுக்கொண்டேன். மஃரிப் வகுப்பை வேறொரு மௌலவியிடம் ஒப்படைத்தேன். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் அரை மணி நேரம் என் பிள்ளைகளுக்கு. அன்று பாடசாலையில் நடந்ததை அவர்கள் சொல்வார்கள், நான் கேட்பேன். பிறகு சிறிது ஓதுவோம். அவ்வளவுதான்.

ஏப்ரல் மாதம் வந்தது. உயிர்த்த ஞாயிறன்று, 21 ஆம் திகதி, தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் நடந்த அந்தக் கொடுமையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. செய்தவர்கள் நம் பெயரைச் சூடியவர்கள். மட்டக்களப்பில் எங்கள் அயலவரின் உறவினர் இருந்தார்கள்; மாலைவரை தகவல் இல்லை. அவர்களுடைய வாசலுக்குப் போக எனக்குக் கால் வரவில்லை. என் மனைவிதான் முன்னால் நடந்தாள். அந்தச் சகோதரி கதவைத் திறந்து, எங்கள் முகத்தைப் பார்த்து, அழுதுகொண்டே “உள்ளுக்கு வாங்க” என்றார். உறவினர் உயிரோடு இருக்கும் செய்தி இரவில் கிடைத்தது. அதுவரை நால்வரும் அதிகம் பேசாமல் அந்த வீட்டில் உட்கார்ந்திருந்தோம்.

மே மாதத்தில் பாடசாலை மறுபடி திறந்தபோது கேற்றடியில் புத்தகப்பைகளைச் சோதித்தார்கள். முஸ்லிம் பிள்ளைகள் பலர் வரவில்லை. நானும் அனுப்பவில்லை. ‘நான் அன்றே நினைத்தது சரிதானே’ என்று உள்ளம் சொன்னது. இரண்டு வாரம் கழித்து மகளே போகிறேன் என்றாள். போன அன்று மஃரிபுக்குப் பிறகு அவள் கேட்டதை நான் மறக்கவே மாட்டேன்.

“வாப்பா, பக்கத்துல இரிக்கிற புள்ள கேட்டா, ஒங்கட ஆக்கள் ஏன் இப்பிடிச் செஞ்ச எண்டு. நான் என்ன செல்ற?”

பதினொரு வயதுப் பிள்ளையிடம் கேட்கக்கூடிய கேள்வியா இது? ஆனாலும் விடை சொல்லத்தானே வேண்டும். அநியாயமாக ஓர் உயிரைக் கொல்வது மனித குலம் முழுவதையும் கொல்வதற்குச் சமம் என்று நமது வேதம் கற்பிப்பதைச் சொன்னேன். செய்தவர்கள் நம்மிடம் கேட்டுச் செய்யவில்லை. நமக்கும் அதே துக்கம்தான் என்று சொல்லச் சொன்னேன். “செல்லிட்டு அழுதா பரவாயில்லையா வாப்பா?” என்று கேட்டாள். பரவாயில்லை என்றேன்.

மறுநாள் சொல்லியிருக்கிறாள். அழுதும் இருக்கிறாள். அந்தப் பிள்ளையும் அழுததாம். பகலுணவை இருவரும் பகிர்ந்து சாப்பிட்டார்களாம்.

சகோதரிகளே, அன்றிரவு நான் நெடுநேரம் யோசித்தேன். மகளை வீட்டில் வைத்திருந்தால் அந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டிருக்க மாட்டார்கள். அந்த விடையும் யாருடைய காதிலும் விழுந்திருக்காது. பிள்ளைக்கு நற்பண்பைக் கொடுப்பது என்றால் அதை அவளுக்குள் பத்திரப்படுத்தி வைப்பது மட்டும்தானா? தேவைப்படும் இடத்தில் எடுத்துக் காட்டுவதற்கும் அல்லவா? அதே வேளை, மாலையில் அந்த அரை மணி நேரம் இல்லாதிருந்தால் கேள்வியைச் சுமந்து வந்த பிள்ளை அதை எங்கே இறக்கி வைத்திருக்கும்? பாடசாலை கேள்வியைக் கொடுத்தது. விடை வீட்டிலிருந்துதான் போக வேண்டியிருந்தது.

மறு வருடம், 2020 மார்ச்சில், கொரோனாவினால் நாட்டில் எல்லா வீடுகளும் பள்ளிக்கூடங்களாகிவிட்டன. நான் அன்று ஆசைப்பட்டதை அல்லாஹ் எனக்குக் காட்டித் தந்தான்! ஒரு கைத்தொலைபேசி, மூன்று பிள்ளைகள். சிக்னல் கிடைக்க மேட்டுக்கு ஏற வேண்டும். நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் குரலை உயர்த்தாத நான், சொந்த மகள் பின்னக் கணக்கில் பிழைத்ததற்குப் புத்தகத்தை மேசையில் அறைந்தேன். ஒரு வாரத்தில் வீட்டில் யாரும் யாரோடும் முகம் கொடுத்துப் பேசாத நிலை.

எங்களைக் காப்பாற்றியவர்கள் அயலவர்கள்தாம். அந்தச் சகோதரி வேலிக்கு மேலால் ஒரு நேரசூசியை எழுதிக் கொடுத்தார். காலையில் கஷ்டமான பாடம், பிறகு கைவேலை, பகலுக்குப் பின் வாசிப்பு. தொலைபேசி எந்நேரமும் கையில் இருக்கக் கூடாது. “ஒங்களுக்குக் கோபம் வந்தா பாடத்தை நிப்பாட்டிட்டுத் தேத்தண்ணி குடிங்க மௌலவி” என்றார். அவருடைய கணவர் திண்ணையில் வைத்து எங்கள் மகளுக்கும் கணிதம் சொல்லிக்கொடுத்தார். பதிலுக்கு அவர்களுடைய பிள்ளைகளுக்கு நான் செந்தமிழ் இலக்கணம் சொல்லிக்கொடுத்தேன்.

அவர்களுடைய கதையும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. மூத்த மகன் உயர் வகுப்பில் விஞ்ஞானம் படிக்க விரும்பினான். ஆய்வுகூடம் வீட்டில் இல்லை. 2021 இல் அவனை ஒரு பாடசாலையில் சேர்த்தார்கள். இளைய இருவரும் தொடர்ந்து வீட்டிலேயே படித்தார்கள். “ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு வருஷமும் திரும்ப யோசிக்கிறம்” என்றார் அந்தத் தாய். நான் பத்துப் பயான் கேட்டுப் பெறாத படிப்பினை அது.

ஆகவே இப்போது கேற்றடியில் தாய்மார் கேட்கும்போது நான் உடனே விடை சொல்வதில்லை. திருப்பிச் சில கேள்விகள் கேட்கிறேன்.

வீட்டில் வைத்துக் கற்பிக்க நினைக்கிறீர்களா? அப்படியானால் வீட்டில் யார் இருப்பார்? காலை எட்டு மணிக்கு யார் மேசையில் உட்காருவார்? தகப்பன் எதை விட்டுக்கொடுக்கப் போகிறார்? எந்தப் பரீட்சைக்குப் பிள்ளையைத் தயார்படுத்துகிறீர்கள்? பிள்ளை யாரோடு விளையாடும்? இவற்றுக்கு விடை இருந்தால் தாராளமாக யோசியுங்கள். விடை இல்லாமல் பயம் மட்டும் இருந்தால், அது கல்வி அல்ல, காவல். குறிப்பாகப் பெண்பிள்ளைகளை வீட்டில் நிறுத்தும்போது, தீனைக் காக்கத்தான் நிறுத்துகிறோமா, அல்லது வீட்டு வேலைக்குக் கை வேண்டும் என்பதற்கா என்று நெஞ்சில் கைவைத்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பல சமயத்தவர் படிக்கும் பாடசாலைக்கு அனுப்புகிறீர்களா? அங்கே இஸ்லாம் பாடத்துக்கு ஆசிரியர் இருக்கிறாரா என்று சேர்க்கும்போதே விசாரியுங்கள். சாதாரண தரத்தில் சமயம் கட்டாயப் பாடம். அவரவர் சமயத்தைப் படிப்பது பிள்ளையின் உரிமை. ஆசிரியர் இல்லையென்றால் பெற்றோர் சேர்ந்து அதிபரிடம் மரியாதையாகக் கேளுங்கள். ஞாயிறு அஹதிய்யாவைத் தவறவிடாதீர்கள். வகுப்பாசிரியையின் பெயரையும் பக்கத்தில் உட்காரும் பிள்ளையின் பெயரையும் தெரிந்துவைத்திருங்கள்.

முஸ்லிம் பாடசாலையிலோ மத்ரஸாவிலோ சேர்த்திருக்கிறீர்களா? மாஷா அல்லாஹ். ஆனால் ‘ஹஸரத்மார் பார்த்துக்கொள்வார்கள்’ என்று இருந்துவிடாதீர்கள். நானே ஒரு ஹஸரத். என்னிடம் வரும் நாற்பது பேரில் உங்கள் பிள்ளை ஒருவர். உங்களிடம் இருப்பதோ அந்த ஒருவர்தான்.

எங்கே சேர்த்தாலும் ஒவ்வொரு நாளும் பிள்ளை வாய்திறக்க ஒரு நேரம் வையுங்கள். தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் அணைந்திருக்கட்டும். நீங்கள் உபதேசம் செய்யும் நேரமாக அதை ஆக்கிவிடாதீர்கள். கேட்கும் நேரமாக இருக்கட்டும்.

என் மகள் சாதாரண தரம் முடித்து இப்போது உயர்தரம் படிக்கிறாள். அவளை முன்மாதிரிப் பிள்ளை என்று காட்ட நான் இதை எழுதவில்லை. சில நாட்கள் ஸுப்ஹுக்கு எழுப்புவதற்குள் அவளுடைய உம்மா களைத்துப் போகிறாள். குர்ஆன் மனனத்தில், மத்ரஸாவுக்குப் போன அவளுடைய மாமி மகளைவிட மிகவும் பின்தங்கியிருக்கிறாள். அந்தக் குறை எனக்கு இருக்கிறது. எந்த வழியைத் தேர்ந்தாலும் ஒரு குறை மிஞ்சத்தான் செய்கிறது போலும்.

ஆனால் மஃரிப் தொழுதுவிட்டு நான் இரண்டு நிமிடம் பிந்தினால், முஸல்லாவை மடித்தபடியே குரல் கொடுப்பாள்: “வாப்பா, வார இல்லையா?”

முன்பு என் மனைவி கேட்ட அதே கேள்விதான். இப்போது என்னிடம் விடை இருக்கிறது.

வல்ல நாயன் நம் எல்லோருடைய பிள்ளைகளையும் நமக்குக் கண்குளிர்ச்சியாகவும், அயலாருக்கு நிழலாகவும் ஆக்கி வைப்பானாக. ஆமீன்.